ஆந்தையும் எலியும் நண்பர்களா? ஆண்டு 2 பிள்ளைகள் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்

செம்பனைநிழல் (பெஸ்தாரி ஜெயா) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில், பெஸ்தாரி ஜெயா பக்கத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 2-க்கு (இரண்டாம் வகுப்பு) தமிழ்மொழியும் நன்னெறிக் கல்வியும் எடுக்கிறேன். (ஊர்ப் பெயர் 2007-இல் மாறினாலும் இங்கே பாதிப் பேருக்கு இது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.) வகுப்பில் பதினேழு பிள்ளைகள். பள்ளிக்கு மூன்று பக்கமும் செம்பனை (எண்ணெய்ப்பனை), ஒரு பக்கம் சாலை.

எங்கள் வள மையத்துக்கு அன்பளிப்பாக ஒரு பெட்டி நிறையப் புத்தகம் வந்தது. அதில் ஒரு படக்கதை என் கண்ணில் பட்டது. ஆந்தை, எலி, தவளை, முள்ளெலி நான்கும் சிநேகிதர்கள். மழை பிடித்துக்கொள்கிறது, ஒதுங்க இடமில்லை, ஒன்றுக்கொன்று இடம் கொடுத்து நனையாமல் தப்பிக்கின்றன. அவ்வளவுதான் கதை. பக்கத்துக்கு இரண்டு வரி. படங்களைப் பார்த்தால் கீழே வைக்க மனம் வராது, அப்படி ஒரு வண்ணம். மழைத்துளியைக்கூட ஒவ்வொன்றாகப் போட்டிருக்கிறார்கள். முதலில் வாசிப்பு, பிறகு கதையைத் தங்கள் சொந்த வார்த்தையில் சொல்வது, கடைசியில் நட்பைப் பற்றி நாலு வாக்கியம் எழுதுவது என்று நாள் பாடத்திட்டத்தில் எழுதி வைத்திருந்தேன்.

எலி ஆந்தையின் இறக்கைக்குள் நுழைந்து ஒதுங்குகிற பக்கம் வந்தது. பின் வரிசையிலிருந்து ஒரு பையன், "டீச்சர், அந்த எலி செத்துச்சு" என்றான். வகுப்பே சிரித்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும் அவன் எழுந்து வந்து படத்தில் ஆந்தையின் காலில் விரலை வைத்தான். "இது கோழிக் கால், டீச்சர். ஆந்தை உட்கார்ந்தா முன்னால ரெண்டு விரல், பின்னால ரெண்டு விரல். எலியைப் புடிக்கத்தான்." அவன் அப்பா தோட்டத்தில் ஆந்தைப் பெட்டிகளை (எலியைப் பிடிக்க ஆந்தைகள் கூடு கட்டட்டும் என்று வைக்கிற பெட்டிகள்) பார்த்துக்கொள்கிறவர். பக்கத்தில் இருந்த பிள்ளை, "எங்க லயத்துப் பின்னால ஒரு பெட்டி இருக்கு, கீழே எலும்பா கிடக்கும்" என்று ஆரம்பித்தாள். அப்புறம் ஆளுக்கொரு எலிக் கதை. மணி அடித்துவிட்டது. நட்பு அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டது.

ஆசிரியர் அறையில் கேட்டால் ஒருவர் "இது வெறும் கதை என்று சொல்லி அடக்கிவிட்டுப் பாடத்தை முடி" என்கிறார். இன்னொருவர் "வேறு புத்தகம் எடு" என்கிறார். எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. அந்தப் பையன் மற்ற நாளில் வாயே திறக்க மாட்டான். அவன் எழுந்து வந்து பேசியதை அடக்கிவிட்டு, 'பேச்சு' என்று இன்னொரு பாடம் எதற்கு நடத்த வேண்டும்?

இந்த மாதிரி விலங்கு நண்பர்கள் கதையை வகுப்பில் எடுத்தவர்கள் என்ன செய்தீர்கள்? புத்தகம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்பதையும் சேர்த்து யோசித்துச் சொல்லுங்கள். முள்ளெலி என்றால் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை, அது வேறு.

---

பாலர்பள்ளி அக்கா (கோலசிலாங்கூர்) எழுதியது:

ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு பதினேழு பேரை மேசையில் உட்கார வைத்தால் பின்னால் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? பாயை விரித்து அரைவட்டமாக உட்கார வையுங்கள். அதுவும் பாதிப் பேரை மட்டும். மீதிப் பேர் அந்த நேரத்தில் படம் வரையட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம். புத்தகத்தை நெஞ்சுக்கு நேராக வைத்து மேலிருந்து எட்டிப் பார்த்துப் படிக்காதீர்கள். பக்கவாட்டில் பிடியுங்கள், படம் அவர்களுக்கு, ஓரக்கண் உங்களுக்கு.

முதல் தடவை வரிகளைப் படிக்கவே படிக்காதீர்கள். ஒரு துண்டுத் தாளை ஒட்டி எழுத்தை மறைத்துவிடுவேன் நான். படத்தை மட்டும் காட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் பத்து எண்ணுகிற அளவுக்குச் சும்மா இருப்பேன். சும்மா இருப்பதுதான் கஷ்டம், நமக்கு வாய் நிற்காது. பிள்ளைகள் அதற்குள் நாம் பார்க்காததைப் பார்த்துவிடுவார்கள். உங்கள் பையன் காலைப் பார்த்தானே, அது போல.

பக்கங்களைப் படம் பிடித்து புரொஜெக்டரில் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். எனக்குப் பிடிக்காது. பக்கம் திருப்புகிற அந்த ஒரு நொடி போய்விடும். படம் பிடித்து வாட்சாப்பில் பெற்றோருக்கு அனுப்புவதும் வேண்டாம், புத்தகம் போட்டவர்கள் பிழைக்க வேண்டாமா?

முள்ளெலிக்கு, முள்ளம்பன்றியின் தம்பி என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

---

பெரட்டுக்காரன் எழுதியது:

டீச்சர், நான் ஆசிரியன் இல்லை. தோட்டத்தில் மண்டோர் (மேற்பார்வையாளன்). என் மகள் ஆண்டு 3. மேலே அக்கா சொன்ன கடைசி வரியைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. முள்ளெலி முள்ளம்பன்றிக்குத் தம்பியும் இல்லை, தூரத்துச் சொந்தமும் இல்லை. முள்ளம்பன்றி கொறிக்கிற ஜாதி, எங்கள் இளங்கன்றின் குருத்தைக் கடித்துப் போட்டுவிடும். முள்ளெலி புழு பூச்சி தின்னும். நம் நாட்டில் முள்ளோடு அது கிடையாது, ஆனால் அதே குடும்பத்தில் முள் இல்லாத ஒன்று காட்டில் உண்டு. மலாய்க்காரர்கள் தீக்குஸ் பூலான் என்பார்கள். வெள்ளை முகம், பக்கத்தில் போனால் அழுகின வெங்காய நாற்றம். பிள்ளைகளிடம் அந்த நாற்றத்தைச் சொல்லுங்கள், பெயர் தானாக நிற்கும்.

இப்போது ஆந்தை. அந்தப் பையன் சொன்னது அத்தனையும் சரி. நாங்கள் பெட்டி வைப்பதே எலிக்காகத்தான். பத்து ஹெக்டருக்கு ஒரு பெட்டி, எலி கூடிப்போனால் ஐந்து ஹெக்டருக்கு ஒன்று. ஒரு ஜோடி ஆந்தை, குஞ்சுகளோடு சேர்த்து வருஷத்துக்கு ஆயிரம் எலிக்கு மேல் தின்றுவிடும். முழுசாக விழுங்கும், அப்புறம் எலும்பையும் ரோமத்தையும் உருண்டையாகக் கக்கிவிடும். பெட்டிக்குக் கீழே அந்தப் பிள்ளை பார்த்த எலும்பு அதுதான். செம்பனை பெருகுவதற்கு முன் தீபகற்பத்தில் இந்த ஆந்தையே அபூர்வம் என்பார்கள். எலி எங்கேயோ அங்கே அது.

யாராவது அந்த உருண்டையை வகுப்புக்குக் கொண்டு வந்தால் வெறுங்கையால் தொட விடாதீர்கள். கையுறை போட்டு நீங்கள் பிரித்துக் காட்டுங்கள், எல்லாருக்கும் சோப்புப் போட்டுக் கைகழுவச் சொல்லுங்கள். பெட்டிக்குக் கீழே போய்ப் பிள்ளைகள் பொறுக்கவே வேண்டாம். எலி மூத்திரத்தில் வரும் காய்ச்சல் விளையாட்டு இல்லை.

நட்பு பாடம் என்றீர்கள். நான் ஒன்று சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். என் அம்மா இதே தோட்டத்தில் செம்பனைப் பூவுக்குக் கையால் மகரந்தம் தூவுகிற வேலை செய்தவர். பெண்கள் கூட்டமாகப் போவார்கள், மரத்துக்கு மரம். 1981-இல் ஆப்பிரிக்காவில் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டு வந்து விட்டார்கள். அரிசி மணி அளவுகூட இருக்காது. ஆண் பூவில் முட்டையிட்டுப் பிழைக்கும், போகிற போக்கில் பெண் பூவுக்கு மகரந்தத்தைக் கொண்டுபோகும். அதோடு அம்மாவின் அந்த வேலை முடிந்தது. இப்போது தோட்டம் முழுக்கக் காய்ப்பது அந்த வண்டால்தான். எலி என்ன செய்யும் தெரியுமா? உதிரிப் பழத்தைத் தின்பது போதாதென்று ஆண் பூவில் ஏறி அந்த வண்டின் புழுவையும் தின்னும். அப்படிப் பார்த்தால் ஆந்தை வண்டுக்கு நண்பன். இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்ததுகூட இருக்காது. யார் யாருக்கு நண்பன் என்று ஒரு படம் போடச் சொல்லுங்கள், தோட்டப் பிள்ளைகள் பின்னிவிடுவார்கள்.

---

வாத்தியார்1949 (தெலுக் இந்தான்) எழுதியது:

மகளே, உன் வகுப்பில் அந்தப் பையன் கேட்டதை எலியே கேட்டிருக்கிறது.

பஞ்சதந்திரத்தின் இரண்டாம் பகுதி சுகிர்லாபம். நண்பர்களைச் சம்பாதிப்பதைப் பற்றியது. தாண்டவராய முதலியார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உரைநடையில் தந்தார், எங்கள் காலத்தில் அதைப் படித்துத்தான் தமிழ் எழுதப் பழகினோம். வேடன் வலையில் புறாக்கள் சிக்கும், வலையோடு எழும்பிப் பறந்து எலியிடம் போகும், எலி வலையைக் கடித்து விடும். இதையெல்லாம் பின்தொடர்ந்து வந்து பார்த்த காகம் எலியின் வளை வாசலில் நின்று, "என்னையும் உன் நண்பனாக ஏற்றுக்கொள்" என்று கேட்கும். எலி வெளியே வராது. நான் உனக்கு இரை, இரைக்கும் தின்பவனுக்கும் நட்பு எப்படி என்று உள்ளிருந்தே கேட்கும். காகம் விடாது. வெகுநேரம் வாதம் நடக்கும். பிறகு மெல்ல மெல்லப் பழக்கமாகி, ஆமையும் மானும் சேர்ந்து நால்வராகும்.

உன் படக்கதையில் இல்லாதது அந்த வாதம். இரண்டு வரிக்குள் எலி இறக்கைக்குள் போய்விட்டது, பிள்ளை நம்பவில்லை. ஆகவே அந்தப் பக்கத்தை விட்டுத் தாண்டாதே. அங்கேயே நிறுத்து. ஒரு மேசையைப் போட்டு அதன் அடியில் ஒரு பிள்ளையை எலியாக உட்கார வை. இன்னொரு பிள்ளை ஆந்தையாக வெளியே நிற்கட்டும். எலி கேள்வி கேட்க வேண்டும், ஆந்தை பதில் சொல்ல வேண்டும், எலிக்குத் திருப்தியானால்தான் வெளியே வரலாம். வராமலே இருந்தாலும் சரி. இதில் கேட்டல், பேச்சு இரண்டும் அடங்கிவிடும். படிநிலை ஒன்றுக்கு (ஆண்டு 1 முதல் 3 வரை) 2019-லிருந்து தேர்வு இல்லை, வகுப்புசார் மதிப்பீடுதான். அப்புறம் எதற்கு அவசரம்? கேள்விக்குறி எங்கே வரும் என்பதைப் பயிற்சித்தாளில் பத்துத் தடவை போட வைப்பதைவிட இதில் ஒரு தடவையில் வரும்.

பிள்ளைகளுக்கு மலாய்ப் பாடத்தில் சாங் கஞ்சில் தெரிந்திருக்கும். சருகுமான் முதலைகளை வரிசையாக நிற்க வைத்து எண்ணுகிறேன் என்று முதுகில் மிதித்து ஆற்றைக் கடந்துவிடும். அங்கே யாரும் யாருக்கும் நண்பன் இல்லை, பிழைக்கிற சாமர்த்தியம்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேச ஆண்டு 2 போதாது, ஆண்டு 5-க்கு வைத்துக்கொள்.

ஒன்று சொல்லி வைக்கிறேன். ஆந்தையைப் பற்றி வகுப்பில் அதிகம் பேசினால் வீட்டிலிருந்து யாராவது வருவார்கள். ஆந்தை அலறினால் சாவு என்று நம் வீட்டுக் கிழவிகள் சொல்லி வளர்த்த சனம் நாம். அன்போடு பேசி அனுப்பு.

---

சும்மா_ஒரு_ஆள் (கூலிம்) எழுதியது:

எட்டு வயசுப் பிள்ளைக்கு இவ்வளவு ஆராய்ச்சியா? நானும் ஆசிரியர்தான். கதையில் ஆந்தை குடை பிடிக்கும், எலி சட்டை போடும், அதையெல்லாம் நம்புகிற பிள்ளை இறக்கைக்குள் ஒதுங்குவதை மட்டும் ஏன் நம்பாது? ஒருத்தன் சத்தம் போட்டான், மற்றவன் சிரித்தான், அவ்வளவுதான். அறுபது நிமிஷத்தில் வாசிப்பும் முடிய வேண்டும், எழுத்தும் முடிய வேண்டும்.

நிஜ விலங்குகளின் ஒற்றுமை காட்ட வேண்டுமென்றால் கோலசிலாங்கூர் உங்களுக்குப் பக்கம்தானே. புக்கிட் மெலாவத்திக் குன்றுக்குக் கூட்டிப் போங்கள். அங்கே உள்ள சாம்பல் குரங்குக்குக் குட்டி மட்டும் ஆரஞ்சு நிறம். ஒரு தாய் பெற்றதை இன்னொன்று வாங்கித் தூக்கும், அதனிடமிருந்து வேறொன்று வாங்கும். அதைப் பார்த்துவிட்டு வந்து நாலு வாக்கியம் எழுதச் சொன்னால் தானாக எழுதும். புத்தகமே வேண்டாம்.

---

செம்பனைநிழல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன்.

பாலர்பள்ளி அக்கா சொன்னபடி எழுத்தை மறைத்துப் படத்தை மட்டும் முதலில் காட்டினேன். பத்து எண்ணும்வரை சும்மா இருப்பது உண்மையிலேயே கஷ்டம்! ஆனால் மழை ஆரம்பிக்கிற பக்கத்தில் ஒரு பிள்ளை, "தவளை மட்டும் சிரிக்குது டீச்சர், அதுக்கு மழை புடிக்கும்ல" என்றாள். நான் அந்தத் தவளையின் வாயைக் கவனிக்கவே இல்லை. தவளைக்கு எதற்கு ஒதுங்க இடம் என்று அதையும் ஒரு கேள்வியாக எழுதி வைத்தோம்.

அப்புறம் ஐயா சொன்ன மேசை. எலியாக உட்காரப் போட்டி, ஆந்தையாக நிற்க யாருக்கும் விருப்பமில்லை. கடைசியில் அந்தப் பையன்தான் ஆந்தை. மாஜோங் தாள் என்கிற பெரிய மெல்லிய தாளைப் பலகையில் ஒட்டி, எலி கேட்டதையெல்லாம் அவர்கள் சொன்னபடியே எழுதினேன். "நீ சாப்பிட்டுட்டியா?" என்பது முதல் கேள்வி. "சாப்பிட்டேன்." "என்ன சாப்பிட்டே?" ஆந்தை முழித்தான். பொய் சொல்லலாமா என்று என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. "ரொட்டி சானாய்" என்றான். வகுப்பு குலுங்கியது.

இன்னொரு எலி, "பகல்ல மட்டும் நம்ம பிரெண்டு, சரியா? நீ தூங்கிட்டு இருப்ப" என்றது. இதைச் சொன்னவளுக்கு இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அப்புறம் வந்த பிள்ளை மேசைக்கு அடியிலிருந்து, "எங்கம்மாவை நீ தின்னியா, அதை முதல்ல சொல்லு" என்றாள். ஆந்தை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தெரியாது. நான் பேர் கேக்கறது இல்ல" என்றான். அவள் வெளியே வரவில்லை. வரமாட்டேன் என்றால் விட்டுவிட வேண்டும் என்பது விதி, விட்டுவிட்டோம்.

கூலிம் சாருக்கு: சட்டை போட்ட எலியை நம்புகிற பிள்ளை இதை ஏன் நம்பாது என்று கேட்டீர்கள். சட்டை போட்ட எலியை அவர்கள் பார்த்ததில்லை. ஆந்தைப் பெட்டிக்குக் கீழே கிடக்கிற எலும்பை வாரத்துக்கு வாரம் பார்க்கிறார்கள். நேரம் போதவில்லை என்பது மட்டும் சரி. எழுத்து அடுத்த நாளுக்குத் தள்ளிப்போனது. ஆனால் அடுத்த நாள் வாக்கியம் எழுதச் சொன்னபோது "என்ன எழுதறது டீச்சர்" என்று ஒருவரும் கேட்கவில்லை. மாஜோங் தாளில் இருந்த கேள்விகளை எடுத்து, பேசுகிறவர் பெயர் போட்டு, மேற்கோள் குறி போட்டு உரையாடலாகவே எழுதினார்கள். குறி விட்டுப்போன இடங்கள் உண்டு, அதைத் திருத்திக்கொள்ளலாம். குரங்கு பார்க்கப் போவதற்குப் பஸ் வாடகை யார் கொடுப்பது என்று தெரிந்தால் நாளைக்கே போவேன்.

பாட்டி ஒருவர் வந்தார், ஐயா எச்சரித்தபடியே. பள்ளி வாசலில் நின்று, "ஆந்தை வேஷம் போட வச்சீங்களாமே" என்றார். அவர் பேரன்தான் ஆந்தை என்று நினைத்து வந்திருக்கிறார். உண்மையில் பேரன் எலி. அதைச் சொன்னதும் கொஞ்சம் சமாதானமாகி, "எலின்னா பரவால்ல" என்று போய்விட்டார். பிள்ளையாரின் வாகனம் என்பதால் எலிக்கு எங்கேயும் செல்வாக்குத்தான்.

பெரட்டுக்கார அண்ணா, வண்டை நான் ஆண்டு 2-க்கு எடுக்கவில்லை, கண்ணில் தெரியாததை வைத்துச் சொல்வது சிரமம். உங்கள் அம்மா செய்த வேலையைப் பற்றி மட்டும் சொன்னேன். மூன்று பிள்ளைகள் தங்கள் பாட்டியிடம் கேட்டுவிட்டு வந்தார்கள், ஒரு பாட்டி செய்திருக்கிறார். யார் யாருக்கு நண்பன் என்று படம் போடச் சொன்னதில் பாதிக்கு மேல் மாடும் கொக்கும். செம்பனைக்கு அடியில் மாடு மேய, வெள்ளைக் கொக்கு கூடவே நடக்கிறது. மாட்டுக்கால் பட்டுக் கிளம்புகிற பூச்சியைக் கொக்கு பிடிக்கும் என்று விளக்கமும் அவர்களே கொடுத்தார்கள். மாட்டுக்கு அதில் என்ன லாபம் என்று ஒருத்தி கேட்டாள். "கம்பெனி" என்று இன்னொருத்தன் பதில் சொன்னான்.

அதையே நம் சொந்தப் படக்கதையாகப் போடப் போகிறோம். பெரிய தாள் வேண்டும், மாஜோங் தாள் வண்ணம் பூசினால் கிழிந்துவிடுகிறது. யாரிடமாவது பழைய பெரிய காலண்டர் இருந்தால், பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் போதும், எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். சனிக்கிழமை கோலசிலாங்கூர் பக்கம் வருகிறேன், நேரில் வாங்கிக்கொள்கிறேன்.